இலையில்லை, உயிருண்டு

வன ஆய்வு நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர் எவரும் இல்லை. மேட்டுக்காரர் என்றால் வாயிற்காவலர் முதல் தலைமை அலுவலர் வரை அனைவரும் அறிவர். நிலையத்தின் பொறுப்பில் பதினான்கு அளவைச் சதுரங்கள் இருந்தன. காட்டினுள் நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், மூலைக்கொரு கல்தூண். அதனுள்ளே உள்ளங்கை அகலத்துக்கு மேல் பருத்து நின்ற ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகடு ஒன்று தொங்கும்; நெஞ்சுயரத்தில் மஞ்சள் வளையம் ஒன்று தீட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கொருமுறை அவ்வளையத்தின்மேல் நாடாவைச் சுற்றிப் பருமனை எடுத்து, மரம் உயிரோடு நிற்கிறதா என்றும் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பருமனிலிருந்து எடையும், எடையிலிருந்து அம்மரம் காற்றிடமிருந்து வாங்கித் தன் கட்டையில் பூட்டி வைத்த கரிமமும் கணிக்கப்படும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே ஆகும்.

இருபத்து மூன்று ஆண்டுகளாக மேட்டுச் சதுரம் அவர் கையில் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். கண்ணைக் கட்டி நடுவில் விட்டாலும் பட்டையைத் தடவி எண் சொல்லுவார். கொடி படர்ந்த மரத்தில் நாடாவைக் கொடிக்கு மேலாகச் சுற்றினால் பொய்ப்பருமன் வந்துவிடும். கொடிக்குக் கீழே நுழைத்து இழுக்க வேண்டும். அதில் அவருக்கு நிகர் அவரே. ஆண்டு முழுவதும் அவர் நகக்கண்ணில் பட்டையின் துகள் இருக்கும். ஐம்பத்தொன்று வயது, மெலிந்த உடல், நடையில் ஒரு சிறு மிடுக்கு. அம்மிடுக்கு தளர்ந்ததற்குக் காரணம் பள்ளத்துக்காரர்.

பள்ளத்துக்காரர் வேறு யாருமல்லர், அவருடைய சகலை; மனைவியின் தங்கையை மணந்தவர். அவருக்கு அந்த வேலை கிடைக்க வழி செய்தவரே மேட்டுக்காரர்தான். "என் தங்கச்சி புருஷன் வேலையில்லாம உக்காந்திருக்கறது எனக்கு நல்லாவா இருக்கு?" என்று மனைவி மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததன் விளைவு அது. சகலை சேர்ந்த ஆண்டில் இரண்டு சதுரங்களை மறுபடியும் பங்கிட நேர்ந்தது. மூத்தவர் என்பதால் முதலில் கேட்கும் உரிமை மேட்டுக்காரருக்கே இருந்தது. மேட்டில் வண்டிப் பாதை அருகில், காற்று வீசும், அட்டை கிடையாது. பள்ளத்திலோ முழங்கால் அளவு சேறு, முள், காலுறைக்குள் ஊர்ந்து ஏறும் அட்டைகள். "நீ இளையவன், உனக்குப் பள்ளம்தான் சரிப்படும்" என்று பெருந்தன்மையோடு தள்ளிவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிப்பு பத்து ஆண்டு நிலைத்தது. பின்பு வெயில் ஏறத் தொடங்கிற்று. மழைக்காலம் ஒன்று சுருங்கிற்று, அடுத்தது தாமதித்தது, அதற்கடுத்தது வரவே இல்லை. மேட்டில் மண் ஆழமில்லை; இரண்டு முழம் தோண்டினால் பாறை. வேர்கள் தாகத்தில் தவித்தன. தாகத்தால் தளர்ந்த மரங்களைத் துளைவண்டு தேடி வந்தது. பள்ளத்தில் மட்டும் நீர் கீழிறங்கித் தேங்கிக் கிடந்தது. அங்கே மரங்கள் வெப்பத்தையே உணவாகக் கொண்டவைபோல் பருத்தன.

இச்செய்தியை உலகறியச் செய்தது நிலையத்தின் தாழ்வாரத்தில் தொங்கிய பலகை. அளவுத்தாள்களைக் கணினியில் ஏற்றும் அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் அப்பலகையில் குண்டூசிகளைக் குத்தி, சதுரத்துக்கு ஒரு நிறமாக நூல் இழுத்துக் கட்டியிருந்தார். கரிமம் கூடினால் நூல் ஏறும், குறைந்தால் இறங்கும். நூல்கண்டுகளை அன்பளிப்பாகக் கொடுத்தவர் தையற்கடை வைத்திருந்த மேட்டுக்காரரின் மனைவி. மேட்டுக்குச் சிவப்பு, பள்ளத்துக்குப் பச்சை என்று தெரிவு செய்தவரும் அவரே. தேநீர் அருந்தப் போகிறவர் அனைவரும் அந்தப் பலகையைக் கடந்தே போக வேண்டும். பச்சை நூல் கூரையை நோக்கிப் போயிற்று. சிவப்பு நூல் படியிறங்கிற்று. மேட்டுக்காரர் தேநீர் அருந்துவதை விட்டுவிட்டார்.

அலுவலகத்தில் தப்பினாலும் ஞாயிற்றுக்கிழமையில் தப்ப முடியாது. அன்று இரு குடும்பமும் மாமனார் வீட்டில்தான் உண்ணும். மாமனார் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். முப்பத்தாறு ஆண்டு ஆட்களை எண்ணியவர்.

"பெரிய மாப்பிள்ளை, உங்க மேட்டுல இந்த வருஷம் எத்தனை இறங்கிச்சு?"

"ஆறு மாமா."

"புதுசா ஏறினது?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப வண்டி காலியாத்தான் ஓடுதுன்னு சொல்லுங்க. சின்ன மாப்பிள்ளைக்கு?"

"ரெண்டு இறங்கிச்சு மாமா. கன்னுங்க பருத்து எண் போடற அளவுக்கு வந்தது பதினொண்ணு" என்றார் சகலை, தட்டிலிருந்து தலை நிமிராமல்.

"அடேயப்பா, படியில தொங்குதுன்னு சொல்லு!"

மாமனார் குலுங்கிச் சிரிக்க, மாமியார் இளையவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். தம் தட்டைத் தாண்டிச் சென்ற அந்தக் கரண்டியை மேட்டுக்காரர் பார்த்தார். கைப்பிடி வளைந்த பழைய கரண்டி அது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அது எத்தனை முறை யார் பக்கம் போகிறது என்று பார்ப்பதே அவருக்கு வேலையாயிற்று. உண்டது ஒட்டவில்லை.

இதில் கொடுமை யாதெனில், சகலையிடம் குறை காண வழியே இல்லை. பெருமை பேசமாட்டார். "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே வருவார். "எல்லாம் நீங்க காட்டிக் குடுத்த கைப்பழக்கம்ணே" என்பார். பகையாவது காட்டினால் மறுபகை காட்டி ஆறலாம். இவர் பணிவு காட்டினார். அப்பணிவு மேட்டுக்காரரின் நெஞ்சில் நெருஞ்சிமுள்ளாய்த் தைத்தது.

முதல் பிழை இருநூற்றேழாம் மரத்தில் நேர்ந்தது. மேட்டின் மரங்களுக்கெல்லாம் அரசன் அது. மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் சுற்றளவு. நாற்பது சிறுமரங்கள் சேர்ந்து சேமிக்கும் கரிமத்தை அது ஒன்றே தாங்கி நின்றது. மூன்றாண்டுக்கு முன் அளவை நாளில் அவர் அதன் அடியில் வந்து நின்றபோது தலைக்குமேல் வானம் தெரிந்தது. ஓர் இலைகூட இல்லை. அடிமரத்தைச் சுற்றி மாவு சிந்தியதுபோல் வண்டுத்தூள்.

தாளில் உயிர்நிலை எழுத மூன்று வகை உண்டு. உயிருள்ளது, இறந்தது, இரண்டுக்கும் நடுவே, 'இலையில்லை, உயிருண்டு'. வறட்சியில் இலை உதிர்த்துவிட்டு மறு மழையில் துளிர்க்கும் மரங்களுக்காக ஏற்பட்டது இந்த நடுவகை. எது என்று ஐயம் வந்தால் சிறு கத்தியால் பட்டையை நகமளவு கீற வேண்டும். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர்; பழுப்பாய் உலர்ந்திருந்தால் இறப்பு. இது விதி.

மேட்டுக்காரர் கத்தியை எடுத்தார், விரித்தார். இருநூற்றேழு போனால் சிவப்பு நூல் எத்தனை விரற்கடை இறங்கும் என்று மனக்கண்ணில் பார்த்தார். மாமனாரின் சிரிப்பும் காதில் கேட்டது. கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார். கீறிப் பார்த்துப் பொய் எழுதினால் அது பொய். கீறாமலே எழுதினால் அது நம்பிக்கை என்று தமக்குத்தாமே ஒரு நியாயத்தைக் கட்டிக்கொண்டு, 'இலையில்லை, உயிருண்டு' என்று தெளிவான கையெழுத்தில் எழுதினார்.

ஒன்றுக்கு வாசல் திறந்தபின் மற்றவற்றுக்கு மூட முடியவில்லை. மறு ஆண்டு அதையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு மரம். அதற்கடுத்த ஆண்டு மொத்தம் முப்பத்தொன்று. கண்துடைப்புக்காகச் சிறுமரங்களில் ஆண்டுக்கு ஒன்றிரண்டை மட்டும் இறந்ததாகக் காட்டினார். மூன்றாண்டும் கத்தி விரியவே இல்லை. சிவப்பு நூல் இறங்குவதை நிறுத்திக் கிடையாய் நின்றது. "பரவாயில்லையே, மேடு மூச்சு விடுது!" என்று கணினியம்மையார் புது ஊசி குத்தினார். மேட்டுக்காரர் மீண்டும் தேநீர் அருந்தத் தொடங்கினார்.

அவ்வாண்டுதான் கோபுரச் செய்தி வந்தது. காடு காற்றிலிருந்து எவ்வளவு கரிமம் வாங்குகிறது, எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்று மணிக்கு மணி மூச்சுப் பார்க்கும் கருவிகள் பொருத்திய இரும்புக் கோபுரம் ஒன்று பதினான்கு சதுரங்களுள் ஒன்றில் எழும்பப் போகிறது. வெளியிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மையார் வந்து இடம் தெரிவு செய்வார். தெரிவாகும் சதுரத்தின் அளவுக்காரரே கோபுரப் பொறுப்பாளர். அளவுகள் அவர் பெயரிலேயே எல்லா நாட்டு ஆய்வு நிலையங்களுக்கும் செல்லும்.

மேட்டுக்காரர் அதனை விரும்பினார் என்பது போதாத சொல். உறக்கத்திலும் கோபுரத்தில் ஏறினார். ஆயினும் அந்த ஆசையின் அடியில் ஓர் அச்சமே கிடந்தது: வளர்கிற சதுரத்துக்குத்தானே கொடுப்பார்கள்? தமக்குக் கிடைக்காமற்போவதை அவர் பொறுத்துக்கொள்வார். சகலைக்குக் கிடைப்பதைப் பொறுக்கமாட்டார்.

அப்போது அவர் உள்ளத்தில் ஒரு விடிவு தோன்றிற்று. ஒரு பள்ளம் இத்தனை வளர முடியுமா? நாடாவைத் தளர்த்திப் பிடிக்கிறான். கொடிக்கு மேலாகச் சுற்றுகிறான். தாம் செய்ததை அவனும் செய்திருப்பான் என்று நினைத்தபோது நெடுநாளில் வராத நிம்மதி வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு, தம் நாடாவுடன் காலையிலேயே பள்ளத்துக்கு இறங்கினார்.

இருபது மரங்கள் அளந்தார். சென்ற ஆண்டு அளவுத்தாளின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய் ஒப்பிட்டார். ஒரு மில்லிமீட்டர் மிகையில்லை. கொடிகளுக்குக் கீழே நாடா நுழைந்த தடம்கூடப் பாசியில் தெளிவாயிருந்தது. இரண்டு மரத்தில் சகலை குறைத்தே எழுதியிருந்தார். அவ்வளவு நேர்மையைக் கண்டதும் மேட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. இருபத்தோராம் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நாடாவின் மறுமுனையைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"அண்ணே? வழி தவறிட்டீங்களா?"

மரத்தை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் மேட்டுக்காரர் திரும்பினார். சகலை முழங்கால் வரை சேற்றுடன் நின்றார்.

"இல்ல... நாடா புதுசு. சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்."

"இங்க வந்தா பார்க்கறீங்க? மேட்டுல மரமில்லையா?"

"உன் மரந்தானே அளவு சுத்தமா இருக்கும். அதை வச்சுச் சோதிச்சா நாடாவோட குத்தம் தெரியும்."

வாயில் வந்தது அதுதான்; சொன்னபின் அது பாராட்டு என்பது புரிந்தது. சகலையின் முகம் பூத்துவிட்டது.

"நீங்க வாயால இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லண்ணே. இருங்க, கழுத்துல அட்டை." பிடுங்கி எறிந்தார். "நானும் உங்க மேட்டுக்கு வரணும்னே இருக்கேன். போன வாரம் வண்டியில போறப்ப பார்த்தேன், மொட்டை மொட்டையா நிக்குது. எப்படிண்ணே எல்லாம் உயிரோட தாக்குப் பிடிக்குது?"

"வைராக்கியம்" என்று சொல்லிவிட்டு மேட்டுக்காரர் மேடேறினார். அன்று முழுவதும் கழுத்தில் குருதி நிற்கவில்லை.

இடத்தெரிவுக் கூட்டம் நடந்த அறையில் ஒரு நீள்மேசையும் பன்னிரண்டு நாற்காலிகளும் இருந்தன. அளவுக்காரர் பலர் சுவரில் சாய்ந்து நின்றனர். ஆய்வாளர் அம்மையார் நாற்பது வயதினர். காலணியில் சேறு காயவில்லை. பதினான்கு சதுரத்தின் தாள்களையும் தாமே படித்திருந்தார்.

"வளர்ற காட்டை அளக்கக் கோபுரம் வேணாம், உங்க நாடாவே போதும்" என்று தொடங்கினார். "நான் தேடறது சாகற காட்டை. காடு எவ்வளவு சேர்த்து வைக்குதுன்னு ஓரளவு தெரியும். வெயில் ஏறஏற அது எந்த வேகத்துல இழக்குதுங்கறதுதான் யாருக்கும் சரியாத் தெரியல. மேட்டுச் சதுரந்தான் என் மனசுல இருந்துச்சு. மண்ணு ஆழமில்ல, காத்து அடிக்குது, மழையும் இல்ல. அங்க சாவு எகிறியிருக்கணும். ஆனா தாள்ல பார்த்தா மூணு வருஷத்துல நாலே நாலு. முப்பத்தொரு மரம் இலையில்லாம நிக்குது, ஆனா உயிரோட இருக்கு. அப்ப அந்த மரங்க தாங்கிக்குதுன்னு அர்த்தம். சந்தோஷந்தான். அதனால பள்ளத்துக்கே போடலாம்னு இருக்கேன். அங்க பெரிய மரம் ரெண்டு போன வருஷம் விழுந்திருக்கு. மண்ணும் இளக ஆரம்பிச்சிருக்கு."

அறையில் இருந்தவர் அனைவரும் சகலையைப் பார்த்தனர். யாரோ முதுகில் தட்டினார். "எனக்கா?" என்று சகலை விழித்தார்.

மேட்டுக்காரர் சுவரைவிட்டு நிமிர்ந்தார். மூன்று ஆண்டு எதை மறைத்தாரோ அதுவே அந்த அம்மையார் தேடி வந்த செல்வம். செத்ததைச் செத்ததென்று எழுதியிருந்தால் கோபுரம் அவர் காலடியில் வந்து நின்றிருக்கும். தம் கையாலேயே அதை எடுத்துச் சகலையின் மடியில் வைத்திருக்கிறார். தலைமை அலுவலர் தீர்மானத்தில் ஒப்பமிடப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அடுத்து மேட்டுக்காரர் வாய் திறந்ததை உண்மையின்மேல் பிறந்த பற்று என்று சொல்லலாகாது. அந்தப் பேனா தாளைத் தொடுவதை அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவே.

"அதெல்லாம் செத்துப்போச்சு" என்றார்.

"எது?" என்றார் அம்மையார்.

"அந்த முப்பத்தொண்ணும். இருநூத்தியேழும் சேர்த்து."

"அப்ப தாள்ல எழுதியிருக்கறது?"

"நான் எழுதினதுதான்."

"கத்தி வச்சுக் கீறிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமாத்தான்."

பேனாவின் மூடி மெல்ல மூடப்பட்ட ஒலி கேட்டது. அம்மையார் சினக்கவில்லை. அவர் முகம் ஒரு நோயாளியின் பழைய மருத்துவச் சீட்டைப் படிப்பவர் முகம்போல் இருந்தது.

"சார், செத்த மரம் கார்பனை அன்னிக்கே விட்டுராது. நிக்கும். பட்டை உரியும், பூச்சி தின்னும், மெதுமெதுவா காத்துக்கே திருப்பிக் குடுக்கும். எந்த வருஷம் செத்துச்சுங்கறதுலதான் கணக்கே தொடங்குது. உங்க தாளை நம்பி, மூணு வருஷமா இந்த மேடு கார்பனைப் பத்திரமா வச்சிருக்குன்னு எழுதி அனுப்பியிருக்கோம். அது வச்சிருக்கல. குடுத்துட்டு இருந்திருக்கு."

எல்லாரும் தரையைப் பார்த்தனர். சகலை மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் மேட்டுக்காரருக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

வீட்டில் மனைவி நடந்ததையெல்லாம் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே கேட்டார். கேட்டு முடித்தபின் நிறுத்தினார்.

"என்கிட்ட வர்றவங்க சில பேர் மூச்சை உள்ள இழுத்துப் பிடிச்சுட்டு இடுப்பு அளவு குடுப்பாங்க. நானும் எழுதிக்குவேன். உடுப்பைப் போட்டுட்டு உக்காந்ததும் பித்தான் தெறிக்கும். உங்களுக்கு இன்னிக்குத் தெறிச்சிருக்கு."

"நீயும் தங்கச்சி பக்கந்தானா?"

"நான் துணி பக்கம்" என்று கூறி அவர் மீண்டும் மிதித்தார்.

மூன்றாம் நாள் ஆணை வந்தது. கோபுரம் மேட்டுச் சதுரத்துக்கே. பொறுப்பாளர், பள்ளத்துக்காரர். மேட்டுக்காரர் எச்சரிக்கைக் கடிதத்துடன் பள்ளச் சதுரத்துக்கு மாற்றப்படுகிறார். தாழ்வாரத்தில் கணினியம்மையார் சிவப்பு நூலை அறுத்து மூன்றாண்டு ஊசிகளையும் பிடுங்கிக்கொண்டிருந்தார். பலகையில் வெறும் துளைகள் இருந்தன. பச்சை நூல் இனி மேட்டுக்காரருடையது. எத்தனையோ முறை அதற்காக ஏங்கியிருக்கிறார். இப்போது அதை ஏறிட்டுப் பார்க்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அறுந்த நூல் மட்டும் கண்ணில் நின்றது; அது இனிச் சகலையின் ஊசியில் கட்டப்படும்.

ஒரு வாரம் கழித்துச் சகலை வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லும்வரை செருப்பைக் கழற்றவில்லை.

"அண்ணே, கேக்கவே கூச்சமா இருக்கு. அந்தம்மா ஒவ்வொரு மரமும் எப்ப செத்துச்சுன்னு கேக்கறாங்க. வருஷமாவது வேணுமாம், மாசம் தெரிஞ்சா இன்னும் நல்லதாம். உங்களை விட்டா அது யாருக்குமே தெரியாது."

மேட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சகலையிடம் இல்லாத ஒன்று இப்போது தம்மிடம் இருக்கிறது. 'ஞாபகமில்லை' என்ற ஒரே சொல்லில் அந்தக் கோபுரத்தின் அடித்தளத்தை நொண்டியாக்கிவிடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், இருபத்து மூன்று ஆண்டு அந்த மரங்களோடு வாழ்ந்தும் அவற்றின் இறப்பை அறியாதவர் என்று இவன் எண்ணிக்கொள்வானே! அந்த எண்ணம் கோபுரத்தை இழந்ததைவிடக் கசந்தது.

"ஞாபகமில்லாம என்ன? காலையில வண்டியைச் சொல்லு."

மறுநாள் நிலைய வாசலில் ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டு, "மேட்டுக்காரரே, ஏறுங்க" என்று குரல் கொடுத்தார். இருவரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தனர். ஓட்டுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புது மேட்டுக்காரரைச் சொன்னேன்." சகலை முன் இருக்கையை விட்டுக்கொடுத்துப் பின்னால் போய் உட்கார்ந்தார். அதுவும் மேட்டுக்காரருக்குக் குத்திற்று.

மேட்டில் காற்று இரைந்தது. இறந்த மரங்களில் இரைவதற்கு இலை இல்லாததால் கிளைகளே ஒன்றோடொன்று உரசி ஒலித்தன. கோபுரத்துக்கு இடம் குறித்த வெண்சுண்ணக் கோடு இருநூற்றேழுக்கு அருகில் போயிற்று. மேட்டுக்காரர் முன்னே நடந்து ஒவ்வொரு மரத்திலும் கை வைத்துச் சொன்னார். சகலை கத்தியால் கீறிப் பார்த்து எழுதினார்.

"இருநூத்தியேழு. மூணு வருஷம் முந்தி, வெயில் தொடங்கின மாசம். உச்சியில இருந்து காஞ்சுட்டே வந்துச்சு. பத்து நாள்ல முடிஞ்சுது."

கீறல். பழுப்பு.

"பன்னிரண்டு. அதே வருஷக் கடைசி. பக்கத்து மரத்து வண்டு இதுக்குத் தாவிச்சு. பதினஞ்சும் கூடவே போச்சு. ஒரு வாரந்தான் வித்தியாசம்."

பழுப்பு. பழுப்பு. தூள் உதிர்ந்து சகலையின் சட்டைக்கையில் படிந்தது. மேட்டுக்காரரின் குரல் தடங்கவில்லை. எந்த மரம் எந்தப் பக்கத்துக் கிளையை முதலில் இழந்தது, எதன் பட்டை எந்த மழையற்ற மாதத்தில் வெடித்தது என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாண்டாக எங்கும் எழுதப்படாதது அத்தனையும் அவருக்குள் அடுக்காக இருந்தது. அதைப் பிறர் கை எழுதிக்கொள்வதைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார்.

இருபத்தெட்டாவதாக வந்தது நூற்றுப் பதினெட்டு. தொடையளவே பருத்த மெல்லிய மரம்.

"இது போன வருஷம். மழை வரும்னு நினைச்ச மாசம்."

சகலை நெஞ்சுயரத்தில் கீறினார். பழுப்பு. எழுதப் போனவர் கையை மேட்டுக்காரர் பிடித்தார். கீறல் ஆழமில்லை; கத்தியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். "இப்படியா கீறுவாங்க? கொண்டா" என்று கத்தியைப் பிடுங்கிக் குனிந்து, வேர் தொடங்கும் இடத்தில் நேர்முனையை வைத்து ஒரு நகமளவு எடுத்தார். மூன்றாண்டுக்குப்பின் அவர் கை செய்த முதற் கீறல் அது.

உள்ளே ஈரம் மின்னிற்று. பச்சை.

இருவரும் குனிந்து பார்த்தனர். மேட்டுக்காரர் சுண்டுவிரலால் தொட்டார். விரலில் நீர் ஒட்டியது. உயிருண்டு என்று எழுதியபோதும் இதைக் கீறவில்லை. கூட்டத்தில் செத்தது என்று உரக்கச் சொன்னபோதும் கீறியிருக்கவில்லை. பொய்யைப் போலவே மெய்யையும் பாராமலே சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, பச்சைண்ணே!" சகலை கூவினார். "முப்பத்தொண்ணு இல்ல, முப்பதுதான்! இருங்க, அந்தம்மாகிட்டச் சொல்றேன்." கைப்பேசியில் இணைப்புத் தேடிப் பாறையின்மேல் ஏறி நின்று உரக்கப் பேசினார். "அம்மா, நம்ம மேட்டுல ஒண்ணு தப்பிச்சிருக்கு... ஆமாம்மா, நூத்திப் பதினெட்டு. வேர்ல உயிர் இருக்கு... நம்ம மரந்தாம்மா, இனி நான் வாராவாரம் பார்த்துக்கறேன்."

நம்ம மேடு. நம்ம மரம். ஒரு வாரத்துக்குள் அவன் வாயில் அச்சொல் எவ்வளவு இயல்பாய் வந்துவிட்டது என்று மேட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். துளிர்த்தால் முதல் இலையை அவன் பார்ப்பான். நாளும் கிழமையும் குறித்து அவன் எழுதுவான்.

கீறிய இடத்தைத் திறந்து விடலாகாது, வண்டு நுழையும். அவர் நீர்க்குப்பியைச் சாய்த்துக் கொஞ்சம் மண்ணைக் குழைத்துக் காயத்தின்மேல் அப்பினார். அப்பியபின்னும் உள்ளங்கையை எடுக்கவில்லை.

பாறையிலிருந்து சகலை இறங்கி வந்து, தாளைப் புரட்டினார். "இன்னும் மூணு இருக்குண்ணே. அடுத்தது எது?"

"முந்நூத்தி நாப்பது. மேற்கு மூலை." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அங்க கத்தியை நான் பிடிக்கறேன். நீ எழுதினாப் போதும்."